ஒரு சுமாரான படகு விருந்து

வெளியில் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் சாப்பாடு எப்படி என்று சொல்லும் உரிமை எங்கள் குடும்பத்தில் தலைவருக்கு மட்டும்தான் உண்டு. அவர் சொல்வதற்கு முன் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் சொன்னபின் மாற்றிச் சொல்லவும் கூடாது. ஆனால் தலைவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். உபசாரத்துக்குப் 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு வரும் புத்தி எங்கள் ரத்தத்தில் கிடையாது. என் தகப்பனார் தன் தங்கையைக் கொடுத்த வீட்டுக்கு முதல் விருந்துக்குப் போனபோது, சம்பந்திகள் சுற்றி நிற்கையிலேயே, "இனிப்பு திகட்டுது" என்று சொன்னவர். அதனால் என் அத்தை நெடுங்காலம் பிறந்த வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. இருந்தாலும் இனிப்பு திகட்டியது உண்மை.

ஆற்றில் நடந்ததைப் பற்றி உறவுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்தது இதுதான்.

விடுமுறைக்குப் போனவர்கள் நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. சாதுவானவர். நாலு நாளும் கோட்டை, சந்தை, பொருட்காட்சி என்று அலைந்து முடித்து, கடைசிச் சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்திருந்தோம். மீதியிருந்தது ஒரே கேள்வி. ஆற்றுப் படகில் இரவு விருந்து என்று ஊர் முழுக்கப் பலகை வைத்திருந்தார்களே, அதற்குப் போகலாமா, வேண்டாமா?

"ஏங்க, எனக்குக் காலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ரூம்லயே ரெண்டு ரொட்டியத் தின்னுட்டுப் படுக்கலாம்" என்றாள் என் மனைவி.

"ஆத்து ஊருக்கு வந்துட்டு ஆத்துல போகாம வந்தீங்களான்னு நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றாள் மகள்.

"கேக்கறவங்க வந்து என் காலப் பிடிச்சு விடுவாங்களா?"

"மாப்பிள்ளை என்ன சொல்றீங்க?" என்றேன்.

"எதுவா இருந்தாலும் சரி மாமா. பசிக்குது, அவ்வளவுதான்."

விசாரிக்காமல் முடிவு செய்வது எனக்குப் பழக்கமில்லை. போன வருடம் சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் தகப்பனார், அந்தப் படகில் போய் வந்திருந்தார். கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "அருமை சம்பந்தி. நீங்க கட்டாயம் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கழுத்துக்கு என்ன என்று கேட்டதற்கு மாடிப்படியில் சறுக்கிவிட்டதாகச் சொன்னார். அவர் வீட்டில் மாடி கிடையாது.

கீழே இறங்கிப்போய் விடுதி மேலாளரைக் கேட்டேன். அவருக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"படகு விருந்தா சார்? ஆயுசுக்கு ஒரு தரம் கிடைக்கிற பாக்கியம் சார் அது."

"நீங்க எத்தனை தரம் போயிருக்கீங்க?"

"ஒரு தரம் சார். ஒரு தரத்தோட நிறுத்திக்கச் சொல்லி டாக்டர் சொல்லிட்டார்."

மாடி நடைவழியில் ஒரு கணவன் மனைவி நின்றிருந்தார்கள். அவனுக்கு வலது கையில் மாவுக்கட்டு. அவளுக்கு உதட்டில் தையல். படகைப் பற்றிக் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே மூச்சில், ஒரே சுருதியில், "அருமை" என்றார்கள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இன்னும் சற்று உரக்க, "ரொம்ப அருமை" என்றார்கள்.

நான் யோசித்தேன். நன்றாக இருக்கிறவன் புகழ்ந்தால் அதில் உபசாரம் கலந்திருக்கலாம். கட்டுப் போட்டுக்கொண்டும் ஒருவன் புகழ்கிறான் என்றால் அது புகழத் தகுந்ததாகத்தான் இருக்க வேண்டும். மேலும், சம்பந்தி போய் வந்த இடத்துக்கு நாங்கள் போகாமல் திரும்பினால் நாளைக்கு அவர் எதிரில் நான் எப்படிக் கால்மேல் கால் போட்டு உட்காருவது? கிளம்பச் சொன்னேன்.

படகுத்துறையின் வளைவில் 'ஆற்று விருந்து வாரியம்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, 'உங்கள் திருப்தியே எங்கள் கடமை. உங்கள் கடமையும் அதுவே.'

சீட்டு கொடுக்கும் ஜன்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு ஆசாமி நின்றிருந்தார். எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: "ஏம்ப்பா, குடுக்கற காசுக்குத் தகுமா இது?"

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவர் கன்னத்தில் அறைந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து போய் என் மனைவியின் காலடியில் விழுந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்க, அந்தக் கை சீட்டைக் கிழித்துக் கொடுத்தது.

"தப்பா நினைக்காதீங்க" என்று சீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கேள்வி கேட்டதுக்காக அடிக்கல. சந்தேகத்தோட ஏறினா சாப்பாடு ருசிக்காது பாருங்க. அதான் சந்தேகத்த இங்கயே இறக்கி வச்சுடறோம். உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"இல்லவே இல்லைங்க" என்றார் மாப்பிள்ளை.

"குடும்பமா வந்திருக்கீங்களா? குடும்பம்னா ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லலாம். இல்ல, எல்லாருக்குமா சேத்துத் தலைவர் ஒருத்தரே சொல்லிடலாம். உங்க வீட்டுல எப்படி?"

எனக்கு அந்த வாரியத்தின் மேல் அந்தக் கணமே மரியாதை வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தை அரசாங்க விதியாகவே வைத்திருக்கிறார்களே!

"எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான் சொல்லுவேன்" என்றேன். "சொன்னா சொன்னதுதான்."

சீட்டுக்காரர் எழுந்து நின்று எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். மஞ்சள் பட்டை ஒன்றை எடுத்து என் மணிக்கட்டில் தன் கையாலேயே கட்டிவிட்டார். "தலைவர்னா வாரியத்துக்குத் தெய்வம் மாதிரி. உங்க மேல ஒரு தூசி விழாது ஐயா. வயசுல பெரியவங்க மேல கை வைக்கறது நம்ம பண்பாடு இல்ல."

"அப்ப எங்க மேல?" என்றார் மாப்பிள்ளை.

"ஏறுங்க தம்பி, ஏறுங்க" என்றார் சீட்டுக்காரர் அன்பாக.

படகு பார்க்க அழகாகவே இருந்தது. வரிசையாக விளக்கு. வெள்ளை விரிப்புப் போட்ட மேஜைகள். நாற்காலிகளைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். உட்கார்ந்ததும் தொடையின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி விழுந்து பூட்டிக்கொண்டது. மாப்பிள்ளை அந்தப் பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது உள்ளேருந்து திறக்காது" என்றார். "பாதுகாப்புக்கு மாப்பிள்ளை" என்றேன்.

கரை நழுவியதும் வாரியத்தின் இயக்குநர் அம்மாள் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு காலத்தில் நமது வாரியம் ஒரு மாபெரும் தவறு செய்துகொண்டிருந்தது. நல்ல சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது! சூடான சூப். முள் நீக்கிய மீன். பலன் என்ன? 'பரவாயில்லை' என்றார்கள். 'கரையிலேயே இதைச் சாப்பிட்டிருக்கலாம்' என்றார்கள். சமையல்காரரை மாற்றினோம். 'சுமார்' என்றார்கள். படகை மாற்றினோம். 'ஆறு அழுக்கு' என்றார்கள். ஆற்றை மாற்ற முடியவில்லை, அது வேறு இலாகா. கடைசியில் ஒரு குழு அமைத்தோம். அந்தக் குழு உலகமெல்லாம் சுற்றி, தங்கி, உண்டு, உறங்கி, ஒரு பேருண்மையோடு திரும்பியது. மாற்ற வேண்டியது சமையல்காரரை அல்ல, சாப்பிடுகிறவரை! சமையல்காரரை மாற்றினால் செலவு வாரியத்துக்கு. சாப்பிடுகிறவரோ தன் சொந்தச் செலவில் வந்து சேருகிறார். அன்று முதல் ஒரு புகார் இல்லை. புகார் சொல்ல விரும்பிய யாரும் கரை திரும்பியதில்லை. அதாவது, திரும்பும்போது அந்த விருப்பம் அவர்களிடம் இருந்ததில்லை. நன்றி, வணக்கம்."

கைதட்டல் பலமாக இருந்தது. தட்டாத ஒருவருடைய இரண்டு கைகளையும் பின்னால் நின்ற ஊழியர் பிடித்து ஒன்றோடொன்று மோதித் தட்டிக் கொடுத்தார். விரல்கள் சிவந்து கன்றிப்போகும் வரை தட்டினார்.

முதலில் காட்சிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் ஒரு காட்சி அலுவலர் நின்றார். "இடது பக்கம், பழைய பாலம்!" என்று அறிவிப்பு வந்ததும் அவர்கள் எங்கள் தலைகளை இரு கையாலும் பற்றி இடப்பக்கம் திருப்பினார்கள். பக்கத்து மேஜையில் ஒருவர் அந்த நேரம் பார்த்து வலப்பக்கம் எதையோ ரசித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்திலிருந்து சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அதன்பிறகு பயணம் முடியும்வரை அவர் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டு மாடிப்படி எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் தலையை மட்டும் யாரும் தொடவில்லை. "ஐயா விரும்பினா பாருங்க" என்றார் அலுவலர்.

பாலத்தைப் பார்த்ததும் 'ஆ' என்று சொல்ல வேண்டும். அது வாரியத்தின் விதி. மற்றவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை பாலத்தின் இரும்புக் கயிறுகளை அண்ணாந்து பார்த்து, "இந்தக் கயித்துக்கு எண்ணெய் போட்டு எத்தன வருஷமாச்சோ" என்றார். அலுவலர் குனிந்து அவர் விலாவில் ஒரு குத்து விட்டார்.

"ஆ!" என்றார் மாப்பிள்ளை.

"நல்ல ரசனை" என்றார் அலுவலர்.

அப்புறம் கோபுரம் வந்தது, பிறகு மணிக்கூண்டு, பிறகு வாரியத்தின் தலைமை அலுவலகம். தலைமை அலுவலகத்துக்கு மூன்று 'ஆ' சொல்ல வேண்டுமாம். மாப்பிள்ளை முந்திக்கொண்டு நான்கு தரம் சொன்னார். நையாண்டி செய்கிறார் என்று நினைத்து இன்னொரு குத்து விழுந்தது. என் மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நாம இறங்கிடலாம்பா" என்றாள். ஆற்றின் நடுவில் எப்படி இறங்குவது? பெண்களுக்கு இந்த மாதிரி விஷயங்கள் புரிவதில்லை.

பிறகு சாப்பாடு வந்தது.

சூப் ஆறியிருந்தது. மேலே எண்ணெய் ஏடு படிந்திருந்தது. மீனில் சதையைவிட முள் அதிகம். ரொட்டி முந்தைய நாளுடையது. பழத்தில் ஒரு பக்கம் கனிந்திருந்தது, மறுபக்கம் அழுகியிருந்தது. ஒவ்வொன்றையும் நிதானமாகச் சுவைத்து மனதில் நிறுத்திக்கொண்டேன். சுற்றிலும் எல்லாரும் முள்ளையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

எதிர் மேஜையில் ஒரு தடித்த வியாபாரி இருந்தார். பழக்க தோஷத்தில், "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டார். பரிமாறுகிற இரண்டு பேர் அவர் நாற்காலிப் பூட்டைத் திறந்து, அவரைக் கை கால் பிடித்துத் தூக்கிப்போய் ஆற்றில் முக்கி எடுத்துக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

"இப்ப உப்பு எப்படிங்க?"

"இருக்கு... இருக்கு" என்றார், மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வடிய.

"'இருக்கு'ன்னா? சரியாவா, சும்மாவா?"

வியாபாரிக்கு இருமல் வந்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது பரிமாறுகிறவர்கள் மட்டும் வந்தார்கள். ஒருவர் வியாபாரியின் தட்டை எடுத்தார். மற்றவர் விரிப்பைத் துடைத்தார்.

"எங்க அவர்?" என்று அவர் மனைவி அலறினாள்.

"சார் திருப்தியா இறங்கிட்டாரும்மா. நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்."

ஏற்கெனவே ஆறியிருந்தது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். தீர்ப்பு நேரம் வரவில்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

தீர்ப்பு நேரம் வந்தது. திருப்தி அலுவலர் என்று ஒருவர் மேஜை மேஜையாக வந்தார். சாந்தமான முகம். முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. விரல் முட்டிகளில் தோல் காய்த்துப்போயிருந்தது. அவர் வருவதற்குள்ளேயே எல்லா மேஜைகளிலும் "அருமை, அருமை" என்று எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே கத்தினார்கள். எங்கள் மேஜைக்கு வந்து என் மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் கைகட்டி நின்றார்.

"ஐயா, எப்படி இருந்தது?"

மனைவி என் தொடையைக் கிள்ளினாள். நான் சூப்பிலிருந்து பழம்வரை மறுபடி ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். பாலம் நன்றாக இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன். யாருக்கும் அநியாயம் செய்யக் கூடாது.

"சுமார்" என்றேன்.

அலுவலர் தலை வணங்கினார்.

"ஐயா மனசுல பட்டதச் சொல்லிட்டீங்க. சந்தோஷம்." பிறகு திரும்பி மாப்பிள்ளையின் இடது சுண்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். 'டக்' என்றது. மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் மேஜைமேல் கரண்டிகள் அதிர்ந்தன. "ஐயா, மறுபடி யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சொன்னேன்."

அடுத்த விரலும் போயிற்று.

"மாமா!" என்றார் மாப்பிள்ளை. வியர்வை கொட்டியது. "மாமா, சூப் நல்லாத்தான் இருந்துச்சு மாமா!"

"மாப்பிள்ளை, உங்களுக்கு வலி. வலியில ருசி தெரியாது" என்றேன். "மேலும், நான் சொன்னதுக்கு அப்புறம் நீங்க மாத்திச் சொல்லக் கூடாது."

"ஏங்க, ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! வாய் வலிக்குமா உங்களுக்கு?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ரெண்டு விரலுக்காக சூப்பு சூடுன்னு சொல்லுவேன். நாளைக்கு ஒரு காலுக்காக என்ன சொல்லச் சொல்லுவாங்களோ! நம்ம வீட்டுப் பேச்சுக்கு அப்புறம் என்ன மதிப்பு?"

"காலும் இருக்குங்க ஐயா" என்றார் அலுவலர் பணிவாக. "வரிசையா வர்றேன்."

சொன்னபடியே வரிசையாகத்தான் வந்தார். முழங்கையைத் திருகினார். தாடையில் ஓங்கிக் குத்தினார். மாப்பிள்ளையின் பல் ஒன்று பறந்து என் சூப்பில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் என் பக்கம் திரும்பி, "ஐயா?" என்பார். நான் "சுமார்" என்பேன். ஒரு முறைகூட என் குரல் நடுங்கவில்லை. என் தகப்பனார் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் பூட்டைத் திறந்து மாப்பிள்ளையைப் படகின் விளிம்புக் கம்பி ஓரமாக இழுத்துப்போய், இரண்டு கணுக்காலையும் பிடித்து, தலைகீழாக ஆற்றின்மேல் தொங்கவிட்டார்கள். படகு சாயும்போதெல்லாம் அவர் தலை தண்ணீரில் மூழ்கி எழுந்தது. நீச்சல் தெரியாது அவருக்கு. தெரிந்திருந்தாலும் உடைந்த கையோடு பயனில்லை.

"அப்பா, விட்டுருவாங்கப்பா! அவர விட்டுருவாங்க!" மகள் நாற்காலிக் கம்பியை இரு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

அப்போது இயக்குநர் அம்மாளே எங்கள் மேஜைக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது.

"எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். முதல் விரலுக்கே எல்லாரும் 'அருமை'ன்னுருவாங்க. இவ்வளவு தூரம் வந்த தலைவர் நீங்க ஒருத்தர்தான். மாப்பிள்ளை முதுகு எவ்வளவு வளைஞ்சும் உங்க முதுகு வளையல பாருங்க! நாங்களும் அப்படித்தான். கொள்கைன்னு வந்துட்டா மத்தவங்க எவ்வளவு வலி பட்டாலும் நாங்க தாங்கிக்குவோம். வாரியத்துல ஒரு உறுப்பினர் பதவி காலியா இருக்கு. நீங்க வரணும்."

புரிந்து பாராட்டுகிறவர்களைப் பார்ப்பது இந்தக் காலத்தில் அபூர்வம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

மாப்பிள்ளையின் தலை மறுபடி தண்ணீருக்குள் போயிற்று. இந்த முறை வெளியே வர நேரமாயிற்று.

"தலைவர மாத்தலாமா?" என்று மகள் கேட்டாள். சத்தமே இல்லாமல், கடையில் வேறு நிறம் கேட்பதுபோல் கேட்டாள்.

இயக்குநர் அம்மாள் திரும்பினார். "மாத்தலாமே. குடும்பத்துல பாதிக்கு மேல கை தூக்கணும்."

"என்னம்மா பேசறே நீ?" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கிவிட்டாள்.

"ஒண்ணு" என்றார் அலுவலர். பிறகு கம்பிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் நல்ல கை நீட்டிக்கொண்டிருந்தது. அலுவலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அம்மா, இது தூக்கின கையா, தொங்கற கையா?"

"தலையத் தாண்டிப் போனா தூக்கின கை. தலை எங்க இருக்கு?"

"கீழ இருக்கும்மா."

"கை?"

"அதுக்கும் கீழம்மா. தண்ணிக்குள்ள."

"அப்பத் தலையத் தாண்டிருச்சு. செல்லும்."

என் மனைவி மட்டும் பாக்கி. எனக்குக் கவலையில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை அவள். நான் 'சுமார்' என்றால் வீட்டுச் சமையலையே மறுநாள் மாற்றியவள். அவள் என்னைப் பார்த்தாள். என் சூப்பில் கிடந்த பல்லைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். ஒரு கை போதும். இரண்டையும் தூக்கினாள்.

என் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் பட்டையை அலுவலர் அவிழ்த்து மகளின் கையில் கட்டினார். அவள், "அருமை! அருமையோ அருமை! எங்க பரம்பரையிலயே இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்ல! போதுமா?" என்றாள்.

"அந்தப் 'போதுமா' மட்டும் வேண்டாம்மா" என்றார் இயக்குநர். மற்றதை ஏற்றுக்கொண்டார். மாப்பிள்ளையை மேலே இழுத்துத் தரையில் போட்டார்கள். அவர் தண்ணீரும் ரத்தமுமாகக் கக்கினார். மகளின் பூட்டைத் திறந்துவிட்டதும் ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

திருப்தி அலுவலர் என் எதிரில் வந்து நின்றார். சட்டையை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றினார்.

"ஐயா, இப்ப நீங்க தலைவர் இல்ல. சாதாரணப் பயணி. அதோட நாலஞ்சு தரம் 'சுமார்' சொல்லியிருக்கீங்க. இவ்வளவு நேரமா உங்கள மட்டும் கவனிக்காம விட்டுட்டேன். மன்னிக்கணும்."

"வயசுல பெரியவன் நான்" என்றேன்.

"அதுக்குத்தான் ஐயா மன்னிப்புக் கேட்டேன்."

முதல் குத்து வயிற்றில் விழுந்தது. நான் மேஜைமேல் மடிந்தேன். இரண்டாவது மூக்கில். எலும்பு நொறுங்கும் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டதோ என்னவோ, எனக்குத் தலைக்குள்ளேயே கேட்டது. பிறகு பூட்டைத் திறந்து, சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் மிதித்தார். நாற்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் எந்த மேலதிகாரிக்கும் வளையாத முதுகு அது. நான் நான்கு காலில் விழுந்தேன். அந்த நிலையிலும் "சுமார்" என்றுதான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவர் அல்லாதவன் சொல்லும் தீர்ப்பை எங்கள் வீட்டில் கேட்பதில்லை. அங்கும் கேட்கவில்லை.

அடித்து முடித்ததும் அலுவலர் கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனார். பழக்கத்தில் கை தானாகவே ஓங்கியிருந்தது.

"தம்பிக்கு மொத்தத்துல எப்படி?"

"நான்தான் சொல்லிட்டேனே, அவர விட்டுடுங்க!" என்றாள் மகள்.

மாப்பிள்ளை அவள் கையை மெல்ல விலக்கினார். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. சாய்ந்தபடியே, தரையில் தவழ்ந்துகொண்டிருந்த என்னை வெகு நேரம் பார்த்தார்.

"வந்தது வீண் போகலைங்க" என்றார். பல் போன இடத்தில் காற்று வந்தது. "குடுத்த காசுக்குத் தகும். மாமாவுக்கு இன்னொரு தரம் இருக்குன்னா சொல்லுங்க, எல்லாருக்கும் நானே சீட்டு எடுக்கறேன்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பரிமாறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பயணி அடிக்குப் பயந்து அல்லாமல் தானாகவே அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாம். இயக்குநர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒலிபெருக்கியைத் தேடி ஓடினார்.

நான் தரையில் கிடந்தபடி, வீங்கிக்கொண்டிருந்த கண்ணின் இடுக்கு வழியாக மாப்பிள்ளையின் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். உபசாரத்துக்குச் சொன்னதா, மனதார வந்ததா என்று ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை.

நல்ல இடம் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்.